கண்மாயா, கூரையா, வயலா: ஊர் இளைஞர்கள் எந்தத் தண்ணீர் வேலையைக் கையில் எடுக்கலாம்?

ஊரில் இருபது இளைஞர்கள் கூடி, தண்ணீருக்கு ஏதாவது செய்தே ஆகணும் என்று முடிவெடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில் யார் முதலில் எதைச் சொல்கிறாரோ அதுவே வேலையாகிவிடுகிறது. ஒருவர் மரக்கன்று என்பார், இன்னொருவர் கண்மாயைத் தூர்வாரலாம் என்பார், மூன்றாமவர் சீமைக் கருவேலத்தை வெட்டலாம் என்பார். ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கிவிடும். அந்த முதல் ஆண்டின் வேகம் அருமையானது. படிப்பு முடிந்து திருப்பூருக்கோ சென்னைக்கோ துபாய்க்கோ கிளம்புவதற்குள் ஊரில் இருக்கிற கொஞ்ச காலம் அது. அதைப் பலன் குறைந்த வேலையில் கொட்டிவிட்டால், அடுத்து வருகிற தம்பி தங்கைகளைக் கூப்பிடுவது இரண்டு மடங்கு கடினம். அதனால்தான் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் இந்த வேலைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கவேண்டும் என்கிறேன்.

நான் மனதில் வைத்து எழுதுவது சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்துக் கண்மாய் ஊர்களை. பெரிய ஆற்றுப் பாசனம் கிடையாது. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழை. அந்த இரண்டு மூன்று மாதத்தில் பிடித்ததுதான் அடுத்த ஒன்பது மாதத்துக்கு. ஒவ்வொரு வேலையையும் மூன்று கேள்வி கேட்டுத்தான் பார்க்கிறேன். எவ்வளவு தண்ணீர் கூடுகிறது? இருபது பேரின் உழைப்பால் ஆகக்கூடியதா? அவர்களில் பாதிப்பேர் ஊரைவிட்டுப் போன பிறகும் நிற்குமா?

கண்மாயைத் தூர்வாருவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் உள்ளன. ஊரார் தாங்களே கூடிப் பராமரித்த பழைய வழக்கம் குடிமராமத்து. அந்தப் பெயரிலேயே 2017இல் அரசும் திட்டம் கொண்டுவந்தது. ஆக, தூர்வாருவது என்றால் ஊரில் யாரும் எதற்கு என்று கேட்கமாட்டார்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழம் மண் எடுத்தால் 43,560 கன அடி. அதில் 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர் கூடுதலாக நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. அந்த மண்ணை ஒரு டிராக்டருக்கு ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, என்று அள்ளினால் 436 நடை. கையால் என்றால்? நல்ல உடம்புள்ள ஒருவர் ஒரு நாளில் வெட்டிச் சுமந்து கொட்டக்கூடியது ஒன்றே முக்கால் கன மீட்டர் அளவில் இருக்கும். இருபது பேர் ஞாயிறுதோறும் உழைத்தால் ஓர் ஏக்கரை ஓர் அடி ஆழப்படுத்த 35 ஞாயிறு ஆகும். கண்மாய் 50 ஏக்கர் என்றால் 33 ஆண்டுக்கு மேல்.

உழைப்பைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. தூர்வாருவது இயந்திரத்தின் வேலை, அதாவது பணத்தின் வேலை. பணம் திரட்டி இயந்திரம் வைத்துச் சாதித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போட்ட பேராவூரணிப் பகுதியில், நிமல் ராகவன் உள்ளிட்ட இளைஞர்கள் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து 564 ஏக்கர் பெரியகுளத்தை மீட்டார்கள். சென்னையில் கீழ்க்கட்டளை ஏரிப் பணிக்காக அருண் கிருஷ்ணமூர்த்திக்கு 2012இல் ரோலெக்ஸ் இளையோர் விருது கிடைத்தது. ஆனால் அந்த அளவுக்கு ஆள் திரட்டவும், வெளியூர், வெளிநாட்டுச் சொந்தங்களிடம் நன்கொடை கேட்கவும், கணக்கை ஊர் முன்னால் வைக்கவும் தெரிந்த ஒரு கூட்டம் வேண்டும். அது எல்லா ஊரிலும் முதல் ஆண்டிலேயே அமைந்துவிடாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அதைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. மடையின், அதாவது கண்மாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாயின், அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. மாட்டுக்கு உதவும், கிணறுகளுக்கு ஊறும், ஆனால் ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது கண்மாய்ப் பாசன நிலக்காரர்கள், எதிர்பார்த்த தண்ணீர் அதுவல்ல. சில கண்மாய்களில் அடியில் உள்ள களிமண் படுகைதான் தண்ணீரையே தாங்கி நிற்கிறது. அதை உடைத்துத் தோண்டிவிட்டால் மாசி பிறப்பதற்குள் கண்மாய் காய்ந்துவிடும். கரையை ஒட்டி மண் எடுத்தால் கரை பலவீனமாகும். போதாக்குறைக்கு, வண்டல் என்று சொல்லி மண் வியாபாரம் நடக்கிற ஊர்களில் இளைஞர் மன்றத்தின் பெயர் யாரோ ஒருவரின் லாரிக்கு முகமூடியாகிவிடும். விவசாயிகள் தங்கள் நிலத்துக்கு வண்டல் எடுக்க முறையான அனுமதி வழி இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து அந்த வழியிலேயே போங்கள். வண்டல் வயலுக்குப் போனால் கண்மாயும் ஆழமாகும், உரச் செலவும் குறையும்.

வரத்துக்கால்

என் முழு ஆதரவும் இதற்குத்தான். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கண்மாய் ஒரு பாத்திரம் என்றால், வரத்துக்கால் என்கிற கால்வாய்தான் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கை. ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஓடிவந்தாலே 75 லட்சம் லிட்டர். ஆறு ஏக்கர் பரப்பில் ஓர் அடி நிற்கிற தண்ணீர் அது, அதுவும் ஒரே மழையில். வரத்துக்கால் ஓரிடத்தில் அடைபட்டால் அவ்வளவும் யாருடைய காட்டிலோ தேங்கிப் பயிரை அழுகவைக்கும், அல்லது ரோட்டோரப் பள்ளத்தில் ஓடித் தொலையும். தூர்வாரி இரண்டு அடி ஆழமாக்கிய கண்மாய்கள் மழைக்குப் பிறகும் வெறுமையாகக் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அடைப்பு எப்படி வருகிறது? தார் ரோடு உயர்ந்தபோது பாலக் குழாய் பழைய மட்டத்துக்கு மேலே வைக்கப்பட்டிருக்கும். பத்தடி அகலக் கால்வாயை இருபக்க நிலக்காரர்களும் ஆளுக்கு ஓர் அடியாக உழுது உழுது மூன்றடியாக்கியிருப்பார்கள். நடுவே சீமைக் கருவேலம் கோட்டை கட்டியிருக்கும். வீட்டுமனை போட்டவர்கள் கல் நட்டிருப்பார்கள். இவற்றைக் கண்டுபிடிக்க இயந்திரம் தேவையில்லை. நடக்கவேண்டும். கண்மாயிலிருந்து தொடங்கி மேல்கண்மாயின் கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) வரை, கால்வாயின் அடியிலேயே நடந்து போகவேண்டும். நம் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலித் தொடர். மேல்கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்தால் அதுதான் கீழ்க்கண்மாய்க்கு வரத்து. அதனால் உங்கள் ஊர்த் தண்ணீரைத் தேடிப் போகும்போது அடுத்த ஊர் எல்லைக்குள் போய்த்தான் ஆகவேண்டும். அந்த ஊர் இளைஞர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரக்கூடிய பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

தனியாக நடக்கவேண்டாம். முன்பு மடைக்குட்டியாக, அதாவது மடையைத் திறந்து மூடுபவராக, இருந்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரைக் கையோடு கூட்டிப் போங்கள். ஆடு மேய்க்கிற பெரியவர்களுக்கும் எந்த மழைக்கு எங்கே தண்ணீர் திரும்பும் என்பது மனப்பாடம். ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்துக்கு 1985இல் மருத்துவமும் கல்வியும் தரும் எண்ணத்தோடு போனவர்கள் ராஜேந்திர சிங்கும் அவருடைய தருண் பாரத் சங்கத்து நண்பர்களும். அவர்களை மண் தடுப்பணைகள் பக்கம் திருப்பிவிட்டவர்கள் ஊர்ப் பெரியவர்கள். அர்வரி ஆறு மீண்டும் ஓடியது அந்தப் பேச்சிலிருந்துதான். ராஜேந்திர சிங்குக்கு 2001இல் மகசேசே விருதும் 2015இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருதும் வந்தன. காலும் கைபேசியும் இளையவர்களுடையவை, நினைவு மூத்தவர்களுடையது. இரண்டும் சேராமல் வரத்துக்கால் கிடைக்காது.

நடந்துகொண்டே ஒவ்வோர் அடைப்பையும் படமெடுத்து, இடக்குறியோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு நிலத்தின் அளவையும் காட்டும் புலப்படத்தையும் எடுத்துவைத்து ஒப்பிடுங்கள். வரைபடத்தில் கால்வாய் எவ்வளவு அகலம், தரையில் எவ்வளவு என்பது தெரியும். அடைப்புகள் மூன்று வகையாகப் பிரியும். மண்மேடு, முட்புதர், குப்பை போன்றவற்றை நீங்களே எடுக்கலாம். பெரிய அளவு என்றால், ஊரில் நூறு நாள் வேலை என்று சொல்லப்படும் திட்டத்தில் சேர்க்கக் கேட்கலாம். உயர்ந்துவிட்ட பாலக் குழாய், இடிந்த மதகு ஆகியவை துறையின் வேலை. ஆக்கிரமிப்பு வருவாய்த் துறையின் வேலை.

இந்த மூன்றாவதில் நிதானம் வேண்டும். ஆக்கிரமித்தவர் பெரும்பாலும் வேற்று மனிதர் அல்ல. சித்தப்பாவாக இருப்பார், அல்லது பங்காளி வீடாக இருக்கும். நேராக மண்வெட்டியோடு போய் நின்றால் தண்ணீர் வேலை பகையாக முடியும். கிராம சபைதான் அதற்கு இடம். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி நான்கோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவற்றிலும் இப்போது கிராம சபை உண்டு. தண்ணீருக்கென்றே ஒரு கிராம சபை நாள் இருக்கும்போது அதில் வெறுங்கையோடு போய் உட்கார்ந்துவிட்டு வருவது வருத்தமான விஷயம். வரைபடம், படங்கள், அளவு மூன்றையும் வைத்துத் தீர்மானம் போடவையுங்கள். அந்தத் தீர்மான நகலோடு ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கு இருக்கிற எடை, தனிமனுவுக்குக் கிடையாது. மனுவை யாரிடம் கொடுப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அலைந்தே கோடை முடிந்துபோகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நடக்கிற குழுவில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கவேண்டும். ஒரு தெரு மட்டும் போனால், தண்ணீரை அந்தத் தெருவுக்குத் திருப்பத்தான் போகிறார்கள் என்று மற்றத் தெரு நினைக்கும், அப்படி நினைப்பதற்கு நம் ஊர்களின் கடந்த காலத்தில் காரணமும் உண்டு. பெண்பிள்ளைகளும் வேண்டும். குடத்தோடு நிற்பது அவர்கள், முடிவெடுப்பது மட்டும் ஆண்பிள்ளைகள் என்றால் அந்தக் குழுவுக்கு ஊரில் பாதிதான் தெரியும்.

இந்த வேலையின் குறை, இதில் படம் போட ஒன்றும் இருக்காது. தூர்வாரிய கண்மாயைப் போல முன்-பின் படம் எடுத்துக் காட்ட முடியாது. முதல் சில மாதம் நடந்தார்கள், எழுதினார்கள் என்பதைத் தவிர ஊர்க் கண்ணுக்கு எதுவும் தெரியாது. குழுவிலேயே சிலர் சலித்துப்போவார்கள். மழை வந்து, பல ஆண்டு காய்ந்து கிடந்த கால்வாயில் தண்ணீர் ஓடுகிற அன்றுதான் ஊர் நம்பும். அதுவரை தாங்கவேண்டும்.

கூரைத் தண்ணீர்

தமிழ்நாட்டில் 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. இன்று பல வீடுகளில் அந்தக் குழாய் சுவரில் இருக்கிறது, முடிவில் உள்ள குழிதான் தூர்ந்துபோயிருக்கிறது. ஜல்லியும் மணலும் அடைத்துக்கொண்டு, சிமெண்ட் தளம் போட்டு மூடப்பட்டு, சில இடங்களில் குழாய் நேராகத் தெருச் சாக்கடையில். 2019 கோடையில் சென்னையின் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2015இல் வெள்ளத்தில் மிதந்த அதே நகரம்.

ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி, ஆண்டுக்கு 820 மில்லிமீட்டர் மழை. நூற்றில் எண்பது பங்கு பிடித்தால் 60,000 லிட்டருக்கு மேல். கண்மாய்க் கணக்கோடு பார்த்தால் இது சின்னது. ஆனால் நிலத்தடி நீர் உப்பாக இருக்கிற ராமநாதபுரம் கடலோர ஊர்களில் கேள்வியே வேறு. நான்கு பேர் குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 7,300 லிட்டர் போதும். முதல் மழையில் மாடியைக் கழுவிய தண்ணீரை வெளியே விட்டு, பிறகு வருவதை வடிகட்டி, வெளிச்சம் படாத 7,500 லிட்டர் தொட்டியில் பிடித்தால், குடம் இத்தனை ரூபாய் என்று வண்டித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு அது பெரிய விடுதலை.

இளைஞர்களுக்கு இதில் நல்ல வேலை இருக்கிறது: புரட்டாசியில் வீடு வீடாகப் போய் குழியைத் திறந்து, ஜல்லியைக் கழுவி, குழாயைச் சரிசெய்து தருவது. ஒரு வீட்டுக்கு அரை நாள். பலன் அந்த ஆண்டே தெரியும். பயன்படாமல் கிடக்கும் ஊர்க்கிணற்றுக்குப் பள்ளிக்கூட மாடித் தண்ணீரை வடிகட்டி இறக்கினால் இன்னும் நல்லது. குறை என்னவென்றால் ஆண்டுதோறும் செய்யவேண்டும். குழு கலைந்தால் இதுவும் தூர்ந்துவிடும். பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் அந்தக் குறை பாதி தீரும்.

வயல்

உலகில் மனிதர் எடுக்கும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு விவசாயத்துக்குப் போகிறது. புவியின் நீரில் நன்னீர் 2.5 விழுக்காடுதான், அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிப்பாறை. மிச்சத்தை வயலில் எப்படிப் பாய்ச்சுகிறோம் என்பதே பெரிய கேள்வி. நிலத்தடி நீரை உலகிலேயே அதிகமாக உறிஞ்சும் நாடு நம் நாடு. இப்படியிருந்தும் பல் துலக்கும்போது குழாயை மூடச் சொல்கிற சுவரொட்டியைத் தாண்டி இளைஞர் அமைப்புகள் வயல் பக்கம் அதிகம் போவதில்லை.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை இருக்கிறது. 30 செ.மீ. நீளத்தில் ஒரு பிவிசி குழாய், கீழ்ப்பாதியில் துளைகள். அந்தப் பாதியை வயலில் புதைத்துவிட்டு உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிடவேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்வரை பாய்ச்சத் தேவையில்லை, பிறகு 5 செ.மீ. கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக்கூடாது. 30 விழுக்காடு வரை பாசன நீர் மிச்சமாகும். ஓர் ஏக்கரில் 5 செ.மீ. என்பது 2 லட்சம் லிட்டர். ஒரு தடவை பாய்ச்சலைக் குறைத்தாலே மூன்று வீட்டு மாடி ஓர் ஆண்டு முழுக்கப் பிடிக்கும் தண்ணீர். வயலில் இறங்கிய நீரில் ஒரு பகுதி நிலத்தடிக்கே திரும்பும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரிய அளவு.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், ஆகவே தண்ணீரை மிச்சப்படுத்தினால் விவசாயிக்குக் கையில் காசு நிற்காது. காய்ந்த வயலைப் பார்த்தால் அப்பாவுக்கு மனம் பதறும். மகனோ மகளோ தங்கள் சொந்த வயலில் ஒரு பாத்தியில் செய்து காட்டினால் ஒழிய, பக்கத்து வயல்காரர் கேட்கமாட்டார். ராமநாதபுரத்துப் புழுதி விதைப்பு நெல்லுக்கு இது பெரிதாகப் பொருந்தாது. கிணறு, ஆழ்துளைக் கிணறு வைத்து நடவு செய்கிற ஊருக்குத்தான். மிளகாய், பருத்தி, தென்னை என்றால் சொட்டுநீர்ப் பாசனம். சிறு, குறு விவசாயிகளுக்கு அதற்கு 100 விழுக்காடு மானியம் இருக்கிறது, ஆவணங்களைச் சேர்த்து விண்ணப்பிக்கத்தான் ஆள் இல்லை. படித்த பிள்ளைகள் ஒரு வாரம் உட்கார்ந்தால் பத்துக் குடும்பத்துக்கு முடியும்.

மரக்கன்றும் கருவேலமும்

மரம் நடுங்கள், நிழலுக்கும் பறவைக்கும் மண்ணுக்கும். தண்ணீர் வேலை என்ற கணக்கில் மட்டும் அதை முதலில் வைக்கவேண்டாம். கன்று முதல் இரண்டு கோடை பிழைக்கத் தண்ணீர் ஊற்றவேண்டும், அதைச் செய்யாத நடவு விழாக்கள் ஏராளம். கரையில் பனைவிதை ஊன்றுவது நல்ல விதிவிலக்கு, பராமரிப்பு குறைவு. சீமைக் கருவேலத்தை மேலாக வெட்டினால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும், தூரோடு பிடுங்கவேண்டும். அதை நம்பிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் நம் பக்கத்தில் உண்டு. அதனால் கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் மட்டும் எடுப்பது, அந்த விறகை அவர்களுக்கே கொடுப்பது என்று பேசி முடிக்கலாம்.

எந்த ஊருக்கு எது?

கண்மாய் இருந்து, மழைக்கும் நிரம்பாத ஊர் என்றால் வரத்துக்கால்தான், தயங்கவேண்டாம். மழைக்கு நிரம்பி இரண்டே மாதத்தில் வற்றும் ஊர் என்றால், முதலில் மடையும் கலுங்கும் கசிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு தூர்வாருவதைப் பற்றிப் பொறியாளரோடு பேசுங்கள். உப்புநீர் ஊர் என்றால் கூரை. கண்மாயே வீட்டுமனையாகிவிட்ட நகர்ப்புறம் என்றாலும் கூரையும் பழைய கிணறும்தான். ஆழ்துளைக் கிணற்றில் நெல் விளையும் ஊர் என்றால் வயல், அதுவும் குழுவில் குறைந்தது ஐந்து பேர் விவசாய வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால்.

எதை எடுத்தாலும் அதோடு சேர்த்து அளவெடுப்பதையும் தொடங்குங்கள். மடைச் சுவரில் அடிக்கணக்கில் பெயிண்ட் கோடு, ஊரில் நான்கு கிணறுகளில் மாதம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டம், பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானி, எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டு. செலவு சில நூறு ரூபாய். மூன்று ஆண்டு எழுதிய நோட்டு கையில் இருந்தால் அதிகாரியிடம் பேசும் பேச்சே வேறு. குழுவில் பத்துப் பேர் வெளியூர் போனாலும் நோட்டு ஊரில் இருக்கும்.

காலமும் முக்கியம். சித்திரை, வைகாசியில் கண்மாய் காய்ந்திருக்கும்போது கால்வாயை நடந்து முடித்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக்குள் வரைபடமும் அளவும் தயாராக இருக்கட்டும். புரட்டாசி முடிவதற்குள் கையால் எடுக்கக்கூடிய அடைப்புகளை எடுத்துவிடுங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை ஓய்ந்ததும், தண்ணீருக்குள் இறங்காமல் கரையோரமாகவே, மறுபடி ஒருமுறை நடந்து தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது, எங்கே வழிமாறுகிறது என்று குறியுங்கள். கோடையில் கண்ணில் படாத அடைப்புகள் அன்றுதான் தெரியும். அடுத்த ஆண்டின் வேலைப் பட்டியலை அதை வைத்து எழுதிக்கொள்ளலாம்.